டக்ட்டில் இருக்கும் காற்றோட்ட சென்சாரைச் சுத்தம் செய்வது: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலைச் சுற்றி ஆஸ்பத்திரி, ஓட்டல், கல்யாண மண்டபம், சிப்ஸ் போடுகிற இடம், அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) என்று ஏசி, எக்ஸாஸ்ட் வேலைக்குப் போகிறேன். டக்ட்டில், அதாவது காற்றைக் கொண்டுபோகும் தகட்டுக் குழாயில், எவ்வளவு காற்று ஓடுகிறது என்று அளக்கிற சென்சாரைப் பற்றி எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். சிலர் அது கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். சிலர் கையில் கிடைத்ததை ஊற்றித் துடைத்து, நன்றாக இருந்ததையும் கெடுத்துவிடுகிறார்கள். சென்சாரின் மேல் படிந்திருப்பது என்ன என்று முதலில் பாருங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. உப்பா, எண்ணெயா, பஞ்சுத் தூசியா என்று தெரிந்துவிட்டால் எதை வைத்துச் சுத்தம் செய்வது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

இந்த சென்சார் அழுக்கானால் அப்படி என்ன ஆகிவிடும்? காற்று வந்துகொண்டுதானே இருக்கிறது?

காற்று வரும். ஆனால் எவ்வளவு வருகிறது என்று பேனலுக்கு, அதாவது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரியாது. அழுக்குப் படிந்த சென்சார் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஃபேன் மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியான வி.எஃப்.டி. அதை நம்பி ஃபேன் வேகத்தைக் கூட்டும். ஃபேன் இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிக்குத் தக்கபடி ஏறும். வேகம் 10 சதவீதம் கூடினால் மின்சாரம் சுமார் 33 சதவீதம் கூடும். கரண்ட் பில் ஏன் ஏறியது என்று கம்ப்ரெசரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் இது பில்லோடு நிற்காது. தொற்று நோயாளியை வைக்கும் தனி அறையில் உள்ளே வரும் காற்றைவிட வெளியே போகும் காற்று கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் அறைக் காற்று வராந்தாவுக்கு வராது. உள்ளே வரும் காற்றை அளக்கிற சென்சார் அழுக்காகிக் குறைத்துக் காட்டினால், சிஸ்டம் இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளும். அறைக்குள் வெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டிய அழுத்தம் (நெகட்டிவ் பிரஷர்) போய்விடும். பேனலில் எல்லாம் பச்சை விளக்காகவே இருக்கும்.

எங்கள் டக்ட்டில் எந்த வகை சென்சார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டக்ட்டிலிருந்து இரண்டு மெல்லிய ட்யூப் வெளியே வந்து ஒரு சின்னப் பெட்டியில் சேர்ந்தால் அது பிடாட் வகை. குழாயில் காற்றை எதிர்கொள்ளும் ஓட்டைகளும் மறுபக்கம் ஓட்டைகளும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அந்தப் பெட்டி, அதாவது டிரான்ஸ்மிட்டர், அளக்கும். ட்யூப் எதுவும் இல்லாமல் ஒயர் மட்டும் வந்தால் அநேகமாக வெப்ப வகை. நுனியில் கடுகு அளவுக்கு ஒரு மணியோ மெல்லிய கம்பியோ இருக்கும். அது சூடேறி நிற்கும், ஓடும் காற்று அதை எவ்வளவு ஆற்றுகிறது என்பதை வைத்து வேகம் கணக்காகும். எதிரெதிரே இரண்டு வட்ட முகங்கள் இருந்தால் அது அல்ட்ராசோனிக். அதற்குப் பெரிய வைத்தியம் தேவையில்லை, ஃபேனை நிறுத்தி ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தால் பெரும்பாலும் போதும்.

ரீடிங் குறைந்திருக்கிறது. உடனே கழற்றிச் சுத்தம் செய்யலாமா?

வேண்டாம். ரீடிங் உண்மையாகவே இருக்கலாம். ஃபில்டர் அடைத்திருக்கிறதா, பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா, டேம்பரை, அதாவது டக்ட்டுக்குள் இருக்கும் காற்றுத் தடுப்புத் தகட்டை, யாராவது மூடிவிட்டார்களா என்று பாருங்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் சென்சாரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஃப்ரெஷ் ஏர் ஜாலியில் குருவி கூடு கட்டியிருந்தது.

அப்புறம் கையில் பிடிக்கிற அனிமோமீட்டரை (காற்று வேகம் அளக்கும் கருவி) டக்ட்டின் டெஸ்ட் ஓட்டையில் விட்டு, குறுக்கே பல இடங்களில் அளந்து சராசரி பாருங்கள். அதுவும் பேனலும் ஒத்துப்போனால் சென்சார் சரி, கோளாறு வேறிடத்தில். ஒத்துப்போகாவிட்டால்தான் சென்சாரில் கை வைக்க வேண்டும்.

ஃபேனை ஸ்விட்சில் ஆஃப் செய்தால் போதாதா?

போதாது. இந்த வேலையில் சென்சாருக்கு வரும் ஆபத்தைவிட ஆளுக்கு வரும் ஆபத்துதான் பெரிது. பேனலில் ஸ்டாப் அமுக்கியது, ரிமோட்டில் நிறுத்தியது, வி.எஃப்.டி.யில் நிறுத்தியது எதுவுமே மின்சாரத்தைத் துண்டித்த கணக்கில் வராது. டைமரோ தீயணைப்பு பேனலோ எந்த நேரமும் அதை மறுபடி ஓடவிடலாம். மின்சாரத்தை முழுதும் துண்டிக்கும் ஸ்விட்சான ஐசோலேட்டரை இறக்கி, ஒரு பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஆள் உள்ளே வேலை செய்கிறார்' என்று தமிழில் எழுதி ஒரு அட்டை மாட்டுங்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த அட்டையை இரவு வாட்ச்மேன் படிப்பார் என்று நம்பி இருக்கக் கூடாது.

நம் மாவட்டத்துக்கென்றே ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாமலே ஃபேன் சுற்றும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம், முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்றுதான் உங்கள் மொட்டை மாடி எக்ஸாஸ்ட் வாயிலும் புகுகிறது. ஆனி, ஆடியில் பூட்டுப் போட்ட ஃபேன்கூட எதிர்த்திசையில் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நிதானமாகத்தானே சுற்றுகிறது என்று விரலை நீட்டிவிடாதீர்கள். ஃபேன் பக்கத்தில் கை போகும் வேலையென்றால் டேம்பரை மூடுங்கள், இல்லையென்றால் இறக்கையைக் கயிற்றால் கட்டுங்கள். கட்டிய கயிற்றை அவிழ்த்த பிறகே பூட்டைத் திறக்க வேண்டும்.

மற்றபடி, டக்ட் தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், கையுறை போடுங்கள். ஏணியைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கில் கால் வைக்காதீர்கள், அது ஆள் எடையைத் தாங்காது. தூசி கிளம்பும் என்பதால் என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் அவசியம்.

இங்கே சென்சாரில் என்ன மாதிரி அழுக்கு படியும்?

இடத்துக்கு இடம் மாறும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலை ஒட்டிய கட்டடங்களில் உப்பு. வெள்ளையாகப் பொரிந்த மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், வெயிலில் மறுபடி காய்ந்து இறுகும். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார்கள். உப்பு ஆல்கஹாலில் கரையாது என்றே சொல்லலாம். துடைத்தால் இடம் மாறும், அவ்வளவுதான். உப்புக்குத் தண்ணீர்தான் மருந்து. அதுவும் கிணற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ கூடாது, அது காயும்போது தன் உப்பை விட்டுவிட்டுப் போகும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள்.

நேந்திரங்காய் சிப்ஸ் போடும் இடத்து எக்ஸாஸ்ட்டில் எண்ணெய் ஆவி. எந்த எண்ணெய் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் என்றால் பிரச்சினை குறைவு, அது சீக்கிரம் இறுகிப் பிசினாகாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் விட்டுவிடும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதால் ஏசி டக்ட்டில் வெள்ளை மெழுகு மாதிரி நிற்கும், அதை உப்பென்று நினைத்துவிடக் கூடாது. விரலால் தொட்டால் உருகும், உப்பு உருகாது. சூரியகாந்தி எண்ணெயோ வேறு சமையல் எண்ணெயோ என்றால் சூட்டில் காய்ந்து வார்னிஷ் மாதிரிப் பிடித்துவிடும். அதற்கு ஆல்கஹாலும் பொறுமையும் வேண்டும்.

அண்டி ஆபீஸில் கவனம். முந்திரி வறுக்கும்போது ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். கொட்டை உடைக்கும் பெண்களின் கையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டக்ட்டில் படிந்திருக்கும் கறுப்புப் பசையிலும் அது இருக்கும். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் அங்கே தொடாதீர்கள்.

ரப்பர் பாலைப் பதப்படுத்தும் இடங்களில் அம்மோனியா சேர்ப்பார்கள். அம்மோனியா பித்தளையையும் செம்பையும் தின்னும். பிடாட் குழாயிலோ இணைப்பிலோ பித்தளை இருந்து பச்சையாகவோ நீலமாகவோ பூத்திருந்தால் அதைக் கழுவிப் பயனில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுவதுதான் வழி.

ஜவுளிக்கடையிலும் மண்டபத்திலும் வெறும் பஞ்சு, தூசி. மென்மையான பிரஷ் போதும்.

பிடாட் வகையை எப்படிச் சுத்தம் செய்வது? கம்ப்ரெசரில் ஊதலாமா?

ஊதலாம், எந்தப் பக்கம் என்பதுதான் விஷயம்.

சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம், பிடாட் ஓட்டை அடைத்திருக்கிறது என்று டக்ட்டுக்குள்ளிருந்து ஏர் கன் வைத்து ஊதினேன். அடைப்பு போய்விட்டது. டிரான்ஸ்மிட்டரும் போய்விட்டது. ட்யூபைக் கழற்றாமல் ஊதியதால் முழு அழுத்தமும் நேரே அதன் உள்ளே போயிருக்கிறது. மூத்த மெக்கானிக் வந்து பார்த்தார். "மக்களே, தராசில தங்கம் நிறுக்கச் சொன்னா நெல்லு மூடையத் தூக்கி வச்சிட்டியே" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் பாதி அதற்கே போனது.

அவர் சொன்னது மிகையில்லை. டக்ட்டில் காற்று விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடினால் பிடாட் தரும் அழுத்தம் சுமார் 15 பாஸ்கல். ஒன்றரை மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்தான் அது. இரண்டு மீட்டர் வேகத்துக்கு 2.4 பாஸ்கல். இதை அளக்க உள்ளே மிக மெல்லிய சவ்வு இருக்கும். நீங்கள் வாயால் ஓங்கி ஊதினாலே பல ஆயிரம் பாஸ்கல் வரும். கம்ப்ரெசரில் ஒரு பார் என்பது ஒரு லட்சம் பாஸ்கல்.

சரி, முறை இதுதான். முதலில் இரண்டு ட்யூபையும் டிரான்ஸ்மிட்டரில் கழற்றுங்கள். கழற்றும் முன்பே ஒன்றில் சிவப்பு டேப், மற்றதில் நீல டேப் சுற்றிவிடுங்கள், மாற்றி மாட்டினால் ரீடிங் தலைகீழாகும். டிரான்ஸ்மிட்டரின் வாயை மூடி வையுங்கள். இப்போது ட்யூப் பக்கமிருந்து டக்ட்டை நோக்கி ஊதுங்கள். எண்ணெயும் தண்ணீரும் கலக்காத உலர்ந்த காற்று வேண்டும். கம்ப்ரெசர் டேங்கில் தேங்கிய தண்ணீரை முதலில் வடித்துவிடுங்கள், ரெகுலேட்டரைக் குறைவில் வைத்துத் தொடங்குங்கள். இப்படி ஊதினால் அழுக்கு வந்த வழியே வெளியே போகும்.

அடைப்பு போகவில்லை என்றால் குழாயைக் கழற்ற வேண்டும். எவ்வளவு ஆழம் உள்ளே போயிருந்தது, அதன் மேல் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் பார்த்தது என்று மார்க்கரில் குறித்து, போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டைக்குள் ஊசியோ கம்பியோ விடாதீர்கள். ஓட்டையின் விளிம்பு பிசிறினாலோ அகலமானாலோ கணக்கு மாறிவிடும். நான் பயன்படுத்துவது தூண்டில் போடும் தங்கூசி நரம்பு. குளச்சலில் மீன்பிடி சாமான் விற்கும் எந்தக் கடையிலும் பல தடிமனில் கிடைக்கும். ஓட்டையைவிட ஒல்லியாக ஒன்று எடுத்து மெல்ல விட்டு எடுத்தால் போதும். பிறகு டிஸ்டில்டு வாட்டர், எண்ணெய் இருந்தால் அதற்கு முன் சோப்புத் தண்ணீர், கடைசியில் ஆல்கஹால். நன்றாகக் காயவிடுங்கள்.

ட்யூபுக்குள் ஒரு சொட்டு தண்ணீர் நின்றாலும் ரீடிங் கெட்டுவிடும், ஒன்றரை மில்லிமீட்டர் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் டிரான்ஸ்மிட்டர் மேலேயும் டக்ட் கீழேயுமாக ட்யூப் சரிந்து வருவது நல்லது. மழைக்காலத்தில் 'அழுக்கு' என்று கூப்பிடுகிற கேஸ்களில் சில, ட்யூப் தொங்கிய இடத்தில் தேங்கிய தண்ணீர்தான்.

வெப்ப வகை சென்சாருக்கும் இதே முறையா?

இல்லை. அதற்குக் கம்ப்ரெசர் பக்கத்திலேயே போகக் கூடாது. சென்சாரின் மின்சாரத்தையும் தனியாகத் துண்டிக்க வேண்டும், ஃபேன் நின்றாலும் அது சூடாகவே இருக்கும். ஐந்து, பத்து நிமிடம் ஆறவிட்டு வெளியே எடுங்கள். சூடான மணியில் குளிர்ந்த திரவம் பட்டால் கண்ணாடிப் பூச்சு விரிசல் விடும்.

தூசியை மிக மென்மையான ஓவிய பிரஷால், காற்று ஓடும் திசையிலேயே தட்டிவிடுங்கள். பிடித்திருந்தால் பிரஷை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் தடவுங்கள். பஞ்சு வேண்டாம். அதன் இழை மணியில் சுற்றிக்கொண்டால் கழுவுவதற்கு முன் இருந்ததைவிட மோசமாகும். மணியில் விரல் படக் கூடாது, அழுத்தவும் கூடாது. மணிக்குப் பதில் மெல்லிய கம்பி இருந்தால் அது கூந்தல் முடியைவிட ஒல்லி. திரவத்தில் மெல்ல முக்கி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதையும் தயாரித்தவர் கொடுத்த கையேடு அனுமதித்தால் மட்டும்.

கடற்கரைப் பக்கம் உப்புப் படிந்த வெப்ப சென்சாருக்கு 70 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நல்லது. மீதி 30 சதவீதம் தண்ணீர் என்பதால் உப்பையும் கொஞ்சம் கரைக்கும். காய நேரம் கூடுதலாகக் கொடுங்கள். ஒயர் சேரும் இடத்தில் ஈரம் போகக் கூடாது.

சானிடைசர் போடலாமா? டபிள்யூ.டி-40? பெட்ரோல்?

கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் கேன்கள் பல ஆபீஸ்களில் இன்னும் இருக்கின்றன, அதனால் இந்தக் கேள்வி நிறைய வருகிறது. கூடாது. கை வறண்டுவிடாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்ப்பார்கள். அது காயாமல் பசையாக நிற்கும், அடுத்த வாரமே முன்பைவிட அதிகத் தூசி பிடிக்கும். ஆஸ்பத்திரி சர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலும் சில வகைகளில் விளக்கெண்ணெய் இருக்கும். டபிள்யூ.டி-40 எண்ணெய்ப் படலத்தை விடும், துருப்பிடித்த போல்ட்டுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். அசிட்டோன், தின்னர் இரண்டும் பிளாஸ்டிக்கையும் பசையையும் கரைத்துவிடும். பெட்ரோல் பற்றி நான் எழுதவே தேவையில்லை, ஆனால் ஒருவர் கேட்டார்.

ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் தீப்பிடிக்கும். சுமார் 12 டிகிரியிலேயே அதன் ஆவி பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். நம் ஊரில் மார்கழிக் குளிர்கூட அதற்கு மேல்தான். டக்ட்டுக்குள் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், வெளியே எடுத்து, காற்றோட்டமான இடத்தில் சின்ன மூடியில் ஊற்றி வேலை பாருங்கள். வாசனை முழுதும் போன பிறகு மாட்டுங்கள். டக்ட்டில் ஹீட்டர் இருந்தால் இன்னும் எச்சரிக்கை. பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கவும் கூடாது, வெல்டிங் போடவும் கூடாது.

மாட்டிய பிறகு என்ன செய்ய வேண்டும்?

அதே ஆழம், அதே திசை. ஓட்டையைச் சுற்றி ரப்பர் வாஷர் சரியாக உட்கார வேண்டும், கசிந்தால் ரீடிங் தப்பும். பிடாட் வகையில் ட்யூபை மாட்டும் முன் டிரான்ஸ்மிட்டருக்குக் கரண்ட் கொடுத்துக் கொஞ்ச நேரம் சூடாகவிட்டு, இரண்டு வாயும் திறந்திருக்க ஜீரோ செய்யுங்கள். ரீடிங்கை 4 முதல் 20 மில்லி ஆம்ப் மின்னோட்டமாகத் தரும் வகை என்றால் அப்போது 4 காட்ட வேண்டும். பிறகு ஃபேனை ஓட்டி அனிமோமீட்டரோடு மறுபடி ஒப்பிடுங்கள். அன்றைய தேதி, ஃபேன் வேகம், ரீடிங் மூன்றையும் பேனல் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த முறை வருகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?

அந்தக் கதவில் எழுதியதுதான் பதில். அதே ஃபேன் வேகத்தில், ஃபில்டர் சுத்தமாக இருந்தும் ரீடிங் பத்து சதவீதம் இறங்கியிருந்தால் பார்க்க வேண்டிய நேரம். எழுதி வைக்காதவர்களுக்கு நான் சொல்வது: கடலோரத்தில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் புரட்டாசியில் ஒருமுறை, வடகிழக்கு முடிந்து தையில் ஒருமுறை. ஆனியிலிருந்து ஆவணி வரை மேற்குக் காற்றோடு உப்பு வந்துகொண்டே இருக்கும். எண்ணெய் எக்ஸாஸ்ட் என்றால் மாதம் ஒருமுறை திறந்து கண்ணால் பாருங்கள். உள்ளே ஃபில்டருக்குப் பிறகு இருக்கிற சென்சார்கள் வருடம் ஒருமுறை பார்த்தால் தாங்கும்.

ஆஸ்பத்திரி டக்ட்டில் தனியாக ஏதாவது உண்டா?

உண்டு. முதலில், நீங்களாக ஐசோலேட்டரை இறக்கக் கூடாது. ஆபரேஷன் தியேட்டர் என்றால் சர்ஜரி இல்லாத நேரம், தனி அறை என்றால் நோயாளியை மாற்றிய பிறகு, தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸிடம் எழுத்தில் அனுமதி. வெளியேற்றும் டக்ட்டின் சென்சாரை அழுக்கானதாகவே நினைத்துக் கையாளுங்கள். மாஸ்க், கையுறை, கவுன். தட்டித் தூசி கிளப்பாமல் ஈரத் துடைப்பு மட்டும். கழற்றியதை அங்கேயே பையில் போட்டு மூடி வெளியே கொண்டு வாருங்கள். பேனலில் அலாரம் அடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் ஏணியில் நிற்கும்போது யாராவது ஓடிவந்து ரீசெட் அமுக்குவார்கள்.

கையில் பிடிக்கும் விசிறி அனிமோமீட்டரும் அழுக்காகிறது. அதை ஊதிச் சுத்தம் செய்யலாமா?

ஏர் கன் வேண்டவே வேண்டாம். விசிறி அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் போய்விடும். பிரஷால் தட்டி, ஈரத்துணியால் இறக்கைகளைத் துடைத்தால் போதும். பேரிங்கில் எண்ணெய் விடாதீர்கள்.

எப்போது சுத்தம் செய்வதை விட்டுவிட்டுப் புதிது வாங்குவது?

ஜீரோ நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தால், மணியில் விரிசல் தெரிந்தால், பித்தளை அரித்திருந்தால், சுத்தம் செய்து இரண்டே வாரத்தில் ரீடிங் மறுபடி விலகினால். கடைசியது என்றால் வாங்கும் முன் இடத்தையும் பாருங்கள். வளைவை ஒட்டியோ டேம்பரை ஒட்டியோ வைத்திருந்தால் அங்கே காற்று சுழலும், புதிதும் அதே மாதிரிதான் காட்டும். ஃபில்டருக்கு முன்னால் இருப்பதைப் பின்னால் மாற்ற முடியுமானால் அதைச் செய்யுங்கள்.

துடைத்த துணி, கழுவிய திரவம் எல்லாம்?

ஆல்கஹால் துணியை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். எண்ணெய் கலந்த கழுவு நீரை ஓடையிலோ குளத்துக் கரையிலோ ஊற்றாதீர்கள், அந்த இடத்தின் எண்ணெய்க் கழிவோடு சேர்த்துவிடுங்கள். ஆஸ்பத்திரி டக்ட்டில் துடைத்தது என்றால் மருத்துவக் கழிவுக்கான அவர்களுடைய மஞ்சள் பையில் போட வேண்டும். கையுறையை அங்கேயே கழற்றி அவர்களுடைய சிவப்புப் பையில் போட்டுவிட்டு, கை கழுவிய பிறகு ஐசோலேட்டர் பூட்டைத் திறங்கள்.